படச்சுருளும் அதன் வெறுங்கூடும்

குடும்பத்துத் திருமணப் படத்தையோ மூதாதையர் படத்தையோ எறிந்துவிடுபவர் அரியர். சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவர். அன்றிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவர். ஆனால், அப்படத்தைப் பிடித்த சுருள் எந்தப் பெட்டியில் வந்தது, எந்தக் கடதாசி அதனைச் சுற்றியிருந்தது, எந்தக் கட்டையில் அது சுருட்டப்பட்டிருந்தது என்பவற்றை நினைவில் வைத்திருப்பார் யார்? கமராவிற் சுருளை மாட்டிய மறுகணமே பெட்டி குப்பைக்கூடைக்குப் போயிற்று. ஆதலினாலேயே நூறாண்டுக்கு முந்திய ஒளிப்படம் இன்று எளிதிற் கிடைக்கிறது. அதே காலத்துப் படச்சுருட் பெட்டியோ தேடியும் கிடைப்பதில்லை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தகைய வெறுங்கூடுகளையே தேடித் திரிவோர் பலர் உளர். பழைய படச்சுருட் பெட்டிகள், தகரப் பேணிகள், அலுமினியச் சிமிழ்கள், மரத்தாலும் உலோகத்தாலும் ஆன சுருட்கட்டைகள், கடைவாயிலில் தொங்கிய விளம்பரத் தகடுகள், கழுவிய படங்களை இட்டுக் கொடுத்த உறைகள், கமராவுடன் வந்த சிறு எழுத்தாணிகள் ஆகிய இவையே அவர்தம் செல்வம். நாணயம் சேர்ப்பவனை உலகம் மதிக்கிறது. முத்திரை சேர்ப்பவனைப் பொறுத்துக்கொள்கிறது. வெறும் பெட்டி சேர்ப்பவனைக் கண்டாலோ நகைக்கிறது. அந்நகைப்பு நியாயமானதன்று. வல்லுநரின் இருட்டறைக்குள் அடைபட்டிருந்த ஒளிப்படக்கலை சாதாரண மக்களின் சட்டைப்பைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைப் படங்கள் சொல்வதில்லை, இக்கூடுகளே சொல்கின்றன.

படச்சுருள் தோன்றுமுன் ஒளிப்படமென்பது கண்ணாடித் தகட்டின் தொழிலாயிருந்தது. தகட்டின்மீது இரசாயனக் கலவையைப் பூசி, அது காயுமுன்னரே கமராவில் வைத்துப் படம்பிடித்து, அங்கேயே கழுவியும் ஆகவேண்டும். ஆதலால் வெளியூர் செல்லும் படப்பிடிப்பாளன் கூடாரம், போத்தல்கள், தண்ணீர்ச் சாடி, முக்காலி, கண்ணாடிகள் யாவற்றையும் சுமந்து செல்லவேண்டியவனானான். அமெரிக்காவிலே, றொச்செஸ்டர் நகரத்து வங்கியொன்றில் எழுதுவினைஞராயிருந்த ஜோர்ஜ் ஈஸ்ட்மன் என்னும் இளைஞர் 1877 ஆம் ஆண்டில் இச்சுமையை விலைகொடுத்து வாங்கினார். வாங்கியது ஒரு பயணத்தின் பொருட்டு. பயணம் நடைபெறவில்லை; சுமைமட்டும் மிஞ்சியது. அதனைக் குறைக்கும் வழியைத் தேடுவதே அவருடைய வாழ்நாட் பணியாயிற்று. முதலில் உலர்ந்த தகடுகளைச் செய்து விற்றார். பின்னர் கண்ணாடியையே நீக்கிவிட்டுக் கடதாசியின்மேற் கலவையைப் பூசிச் சுருளாகச் சுற்றினார்.

1888 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கமராவுக்குக் ‘கோடக்’ என்று பெயர். அச்சொல் எம்மொழிக்கும் உரியதன்று. எழுத்துக்களைக் கூட்டி அவர் தாமே ஆக்கிய பெயர் அது. விலை 25 டொலர். வாங்கும்போதே உள்ளே நூறு படங்களுக்கான சுருள் இருக்கும். ஒவ்வொரு படமும் இரண்டரை அங்குல விட்டமுள்ள வட்டம். நூறும் முடிந்ததும் கமராவையே றொச்செஸ்டருக்கு அனுப்பிவிடவேண்டும். 10 டொலர் கொடுத்தால் படங்களைக் கழுவி அச்சிட்டுப் புதிய சுருளையும் பூட்டித் திருப்பியனுப்புவார்கள். படம்பிடித்தவர் சுருளைக் கண்ணாற் காணவேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்கவில்லை. கமராவே அதன் பெட்டி.

கடதாசியை அடியாகக் கொண்ட சுருளில் ஒரு தொல்லை இருந்தது. கழுவும்போது கடதாசியிலிருந்து மெல்லிய ஏட்டைப் பெயர்த்தெடுத்து வேறொன்றின்மேல் ஒட்டவேண்டும். அது தேர்ந்தவர் செய்யும் வேலை. வளையவும் வேண்டும், ஒளி ஊடுருவவும் வேண்டும், கிழியாமலும் இருக்கவேண்டும். அத்தகைய பொருளைத் தேடியவர் ஈஸ்ட்மன் ஒருவரல்லர். நியூ ஜேர்சி மாநிலத்து நியூவாக் நகரில் ஹனிபல் குட்வின் என்னும் பாதிரியார் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு விவிலியக் கதைகளைப் படங்களாகக் காட்ட விரும்பிய அவருக்குக் கண்ணாடிப் படங்கள் உடைந்துபோவது பெருங்குறையாயிருந்தது. அவர் செலுலோயிட்டைக் கரைத்து மெல்லிய தகடாக வார்க்கும் முறையைக் கண்டு, 1887 ஆம் ஆண்டு மே 2 ஆம் நாள் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டாண்டுகளின் பின், 1889 இல், ஈஸ்ட்மனின் இரசாயனவியலாளர் ஹென்றி றைக்கன்பாக் அதே வகைச் சுருளுக்கு விண்ணப்பித்தார். பின்வந்தவருக்கு அவ்வாண்டிலேயே உரிமை கிடைத்தது. முன்வந்தவரின் விண்ணப்பமோ அலுவலகத்தில் திருத்தமும் மறுப்பும் விளக்கமுமாகப் பதினோராண்டு கிடந்து, 1898 செப்தெம்பர் 13 இற்றான் ஏற்கப்பட்டது.

அப்போது குட்வினுக்கு முதுமை வந்துவிட்டது. ஆயினும் தளரவில்லை. தம் முறைப்படி சுருள் செய்வதற்குச் சிறிய ஆலையொன்றை எழுப்ப முற்பட்டார். அது நிறைவேறுமுன் வீதி விபத்தொன்றில் காயமுற்று, 1900 ஆம் ஆண்டின் கடைசி நாளிலே காலமானார். அவருடைய உரிமையை வாங்கிய அன்ஸ்கோ கம்பனி ஈஸ்ட்மனின் கம்பனிமீது வழக்குத் தொடுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. இறுதியில் குட்வினின் உரிமையே செல்லுமென நீதிமன்றம் தீர்த்தது. 1914 ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் கம்பனி 50 இலட்சம் டொலர் கொடுத்து விடயத்தை முடித்துக்கொண்டது. பாதிரியார் இறந்து அப்போது பதின்மூன்றாண்டுக்கு மேலாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் படங்காட்ட எண்ணியவரின் பெயரை இன்று அறிவோர் சிலரே. கோடக்கின் மஞ்சட் பெட்டியருகே அன்ஸ்கோவின் பழைய பெட்டியொன்றையும் வைக்கும் சேகரிப்பாளர், தாம் அறிந்தோ அறியாமலோ, இவ்வழக்கின் இரு கட்சிகளையும் ஒரே தட்டில் வைத்தவராவார்.

செலுலோயிட் வந்த பின்னரும் சுருளை இருட்டிலேயே மாட்டவேண்டியிருந்தது. பொஸ்ரன் நகரத்துச் சாமுவேல் ரேணர் என்பவர் 1892 அளவில் இதற்கு எளிய பரிகாரம் கண்டார். சுருளைவிட நீண்ட கருங்கடதாசியொன்றைச் சுருளுக்குப் பின்னால் வைத்துச் சேர்த்துச் சுற்றினார். கடதாசியின் முதுகில் 1, 2, 3 என எண்களை அச்சிட்டார். கமராவின் பின்புறத்தில் சிறிய செந்நிற யன்னலொன்றை அமைத்தார். திறவுகோலைத் திருகினால் யன்னலில் எண் தோன்றும். எண் தோன்றியதும் அடுத்த படத்துக்குக் கமரா ஆயத்தம். அக்காலப் படச்சுருளைச் சிவப்பொளி தாக்காது. ஆதலால் யன்னலால் ஆபத்தில்லை. ஈஸ்ட்மன் இதன் அருமையை உடனே உணர்ந்தார்; 1895 இல் ரேணரின் கம்பனியையே வாங்கிவிட்டார். பிற்காலத்திற் சிவப்பையும் உணரும் சுருள்கள் வழக்குக்கு வந்தபோது அந்த யன்னலுக்கு மூடி தேவைப்பட்டது. பழைய கமராவொன்றைக் கையிலெடுக்கும் சேகரிப்பாளர் முதலிற் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது இதனாலேதான். மூடியில்லாச் செவ்யன்னலும் மூடியுள்ள யன்னலும் வெவ்வேறு காலத்துச் சுருள்களுக்கு இசைந்தவை.

இருட்டறை நீங்கியபின் விலை குறைவதே எஞ்சியிருந்தது. 1900 ஆம் ஆண்டில் ‘பிறௌணி’ என்னும் அட்டைப்பெட்டிக் கமரா ஒரு டொலருக்கு வந்தது. ஆறு படச் சுருள் 15 சதம். பிள்ளைகளும் படம்பிடிக்கத் தொடங்கினர். கமராக்கள் பெருகப் பெருகச் சுருள்களின் அளவுகளும் பெருகின. எந்தச் சுருள் எந்தக் கமராவுக்கு என்பது கடைக்காரருக்கே மயக்கமாயிற்று. 1913 ஆம் ஆண்டில் கோடக் கம்பனி சுருள்களுக்கு 101 தொடங்கி எண்ணிட்டது. 1901 இல் தோன்றிய சுருள் 120 ஆயிற்று. 1912 இல் தோன்றியது 127 ஆயிற்று. மற்றவையெல்லாம் ஒவ்வொன்றாக மறைய, 120 மட்டும் நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் இன்றளவும் உற்பத்தியாகின்றது.

இங்கே சுருட்கட்டையின் கதையைச் சற்று விரித்துரைத்தல் தகும். தொடக்ககாலக் கட்டைகள் மரத்தாலானவை. இரு முனைகளிலும் தகர வட்டுக்கள் பொருத்தப்பட்டிருக்கும். பின்னர் முழுவதும் உலோகமாயின, அதன்பின் பிளாஸ்டிக். 1932 இல் கோடக் 620 என்னும் சுருளை வெளியிட்டது. உள்ளிருந்த படச்சுருள் 120 இனதே; கட்டைமட்டும் மெலிந்தது, வட்டு மட்டும் சிறுத்தது. கமராவை மெல்லிதாக்குவதற்கென்பது சொல்லப்பட்ட காரணம். அக்கமராவை வாங்கியவர் பிறர் சுருளை வாங்காமலிருக்க அது உதவிற்று என்பதும் மறுக்கக்கூடியதன்று. 1995 இல் 620 நின்றுபோயிற்று. அளவில் ஒத்த 120 கடையில் இருந்தும் 620 கமராக்களுக்குப் பயன்படவில்லை. பழைய கமராவில் இன்றும் படம்பிடிக்க விரும்புபவர் இருட்டறையில் அமர்ந்து 120 சுருளை 620 கட்டைக்கு மாற்றிச் சுற்றுகின்றார். அதற்குக் கட்டைகள் இரண்டு வேண்டும். சுருளைக் கழுவக் கொடுக்கும்போது கட்டையும் கடைக்காரரிடமே போய்விடுவது வழக்கமாதலால் வீடுகளில் எஞ்சியிருப்பது கமராவுக்குள் மறந்துவிடப்பட்ட வெறுங்கட்டை ஒன்றுதான். எறியத்தக்கதென எண்ணப்பட்ட அத்தகரத் துண்டுக்கு இன்று விலையுண்டு.

சேகரிப்பாளர் விரும்பித் தேடும் மற்றொரு சிறுபொருள் எழுத்தாணி. பனையோலையில் எழுதிய முன்னோரின் வழிவந்தவர்க்கு அது புதுமையாகத் தோன்றாது. ஹென்றி ஜாக் கெய்ஸ்மன் என்பவர் கண்ட முறையை ஈஸ்ட்மன் மூன்றிலட்சம் டொலருக்கு வாங்கி 1914 இல் வெளியிட்டார். கமராவின் முதுகில் ஒரு சிறு கதவு. அதனருகே செருகிய உலோக எழுத்தாணி. படம்பிடித்ததும் கதவைத் திறந்து, சுருளின் பின்கடதாசியில் நாளையும் இடத்தையும் எழுதவேண்டும். கடதாசிக்கும் சுருளுக்கும் இடையே கரிபூசிய மெல்லிய தாள் ஒன்றுண்டு. எழுத்தாணி அழுத்திய இடத்தில் அது ஒளியை உட்செல்லவிடும். சில விநாடி வானத்துக்குக் காட்டிக் கதவை மூடினால், நெகட்டிவில் இரு படங்களுக்கிடையே எழுத்துப் பதிந்துவிடும். முதல் உலகப் போரிற் சிப்பாய்கள் கொண்டுசென்ற சட்டைப்பைக் கோடக்குகள் பலவற்றில் இவ்வசதி இருந்தது. ஆயினும் மக்கள் எழுதும் பழக்கத்தை விரைவிற் கைவிட்டனர். 1930 களின் தொடக்கத்தில் இச்சுருளும் மறைந்தது. கமராக்கள் எஞ்சின, எழுத்தாணிகள் காணாமற்போயின. எழுத்தாணியோடு கூடிய கமரா கிடைத்தால் சேகரிப்பாளர் முகம் மலர்வது இயல்பே. எழுதப்பட்ட நெகட்டிவ் ஒன்று கிடைப்பதோ அதனினும் மேலானது. பெயரில்லாத முகங்கள் நிறைந்த குடும்பத் தொகுப்புக்களிலே, பிடித்தவரின் கையெழுத்தே நாளும் ஊரும் சொல்லும் படங்கள் அவைதாம்.

பெட்டியும் காலம் சொல்லும். இன்ன நாளுக்குள் கழுவுக என்னும் முத்திரை அதன் பக்கத்தில் இருக்கும். முத்திரை அழிந்தாலும் பெயர் உதவும். ‘வெரிக்குறோம்’ எனில் 1931 இற்கு முற்பட்டதன்று. ‘வெரிக்குறோம் பான்’ எனில் 1956 இற்கு முற்பட்டதன்று. 35 மில்லிமீற்றர்ச் சுருள் ஆயத்த உறையில் அடைபட்டு வந்தது 1934 இல். அதனோடு வந்த திருகுமூடி அலுமினியச் சிமிழ்களில் மூடியின் நிறங்களைக் கொண்டே வகைகளைப் பிரித்து அடுக்குவோர் உளர். வெப்ப நாடுகளுக்கென ஈரம் புகாமல் தனியாக அடைக்கப்பட்டுவந்த சுருள்களும் உண்டு. அவை எமது போன்ற நாடுகளுக்குத்தான் வந்தன; இங்கேதான் அவை மிகுதியாக எறியவும் பட்டன.

இனி, இச்சேகரிப்பில் தீராத ஒரு வழக்குண்டு. முத்திரை உடையாத பெட்டி கிடைத்தால் திறப்பதா, விடுவதா? திறந்தால் மதிப்புக் குறையும். விட்டால் உள்ளிருப்பதை அறியமுடியாது. அது வெறுஞ்சுருளாயின் பெரிய நட்டமில்லை. படம்பிடித்தபின் கழுவப்படாது கிடக்கும் சுருளாயின் நிலைமை வேறு. கோடக்குறோம் என்னும் புகழ்பெற்ற வண்ணச்சுருள் 1935 இல் தோன்றி 2009 இல் நின்றது. அதனைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி நிலையமான கன்சாஸ் மாநிலத்துக் கடை 2010 டிசெம்பர் 30 ஆம் நாளோடு சுருள்களை ஏற்பதை நிறுத்தியது. அதன் நிறங்கள் கழுவும்போதே சேர்க்கப்படுபவை. இனி ஒரு பெட்டகத்தின் அடியில் கழுவாத கோடக்குறோம் கண்டெடுக்கப்பட்டால் கறுப்பு வெள்ளையாக ஏதோ தேறலாம். பிடித்தவர் கண்ட நிறங்களை மீட்க வழியில்லை.

எனினும், பொறுமையாகக் கழுவியவர்க்குக் காலம் இரங்கியதும் உண்டு. 1897 ஜூலையில் சுவீடன் நாட்டு அன்றே என்பவர் ஸ்ரின்பெர்க், பிறெங்கல் என்னும் இருவரோடு வாயுக்கூண்டில் ஏறி வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டார். மூவரும் மீளவில்லை. 33 ஆண்டுகளின் பின் 1930 இல், ஆளில்லாத பனித்தீவொன்றில் அவர்களுடைய உடல்களும் கமராவும் சுருள்களும் கிடைத்தன. ஸ்டொக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியில் ஜோன் ஹெர்ட்ஸ்பெர்க் அவற்றைக் கழுவினார். 240 படங்களில் 93 தேறின. பனிமேல் சரிந்துகிடக்கும் வாயுக்கூண்டையும் அதனருகே நிற்கும் மனிதரையும் உலகம் அப்போதுதான் கண்டது. அச்சுருட் பேணிகளைப் பழந்தகரமென எவரேனும் ஒதுக்கியிருந்தால் அப்பயணத்தின் முடிவை நாட்குறிப்புக்களால் மட்டுமே அறிந்திருப்போர் உலகத்தார்.

பனி காத்தது, வெப்பம் காப்பதில்லை. குட்வினும் ஈஸ்ட்மனும் போரிட்டுப் பெற்ற நைத்திரேற்றுச் செலுலோயிட் வெடிமருந்துக்கு உறவுடைய பொருள். காலப்போக்கில் மஞ்சளித்துப் பிசுபிசுத்துப் பொடியாகும். தீப்பற்றினால் எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே தருமாதலால் நீரினடியிலும் எரியும். 1929 மே 15 இல் அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகர வைத்தியசாலையில் களஞ்சியப்படுத்தியிருந்த எக்ஸ்கதிர்ப் படங்கள் தீப்பற்றியபோது 123 பேர் மாண்டனர். நச்சுப்புகையே பெரும்பாலோரைக் கொன்றது. பின்வந்த அசிற்றேற்றுச் சுருளுக்குப் ‘பாதுகாப்புச் சுருள்’ என்று பெயர். ஓரத்தில் அச்சொல் பொறிக்கப்பட்டிருக்கும். தீயினின்று காத்த அதுவும் அழிவுக்கு விலக்கன்று. நாளடைவில் சுருங்கி, வினாகிரி மணக்கத் தொடங்கும். அந்நோய்பற்றிய முதல் முறைப்பாடு கோடக் கம்பனிக்குச் சென்றது இந்திய அரசாங்கத்திடமிருந்து, 1950 களில். வெக்கையும் ஈரமும் பிற நாடுகளுக்கு முன்னரே இங்கு அதனை வெளிப்படுத்திவிட்டன. பழைய பேணியைத் திறந்ததும் புளித்த மணம் வந்தால் அதனை மற்றவற்றோடு வைத்தல் தகாது. மணமே தொற்றைப் பரப்பும்.

இவ்வாறு அழியத்தக்கனவற்றைக் காத்தவர் தொடக்கத்தில் அரசாங்கங்கள் அல்ல, தனி மனிதர். பாரிஸ் நகரருகே வாழ்ந்த கபிறியேல் குறோமெர் பழைய படங்களையும் கமராக்களையும் நூல்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். பிரான்சில் ஒளிப்பட நூதனசாலை ஒன்று அமையவேண்டுமென்பது அவர் கனவு. அமையாமலே 1934 இல் மறைந்தார். 1939 இல், போர் மூளும் வேளையில், கோடக் கம்பனி அச்சேகரத்தை வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றது. 1949 இல் றொச்செஸ்டரில் ஈஸ்ட்மனின் மாளிகை நூதனசாலையாகத் திறக்கப்பட்டபோது அதுவே அதன் மூலதனமாயிற்று. இலண்டனில் ஹெல்முத் கேர்ன்ஸ்ஹைம் 1945 இலிருந்து சேர்த்தார். உலகின் மிகப் பழைய கமராப் படமெனக் கொள்ளப்படும் நியெப்ஸின் தகட்டை 1952 இல் பழைய பெட்டியொன்றிலிருந்து வெளிக்கொணர்ந்தவர் அவரே. தம் சேகரத்தைக் கொண்டு பிரித்தானியாவில் ஒரு தேசிய நூதனசாலை அமைக்குமாறு ஆண்டுக்கணக்கில் வேண்டினார், செவிசாய்ப்பார் இல்லை. 1963 இல் அது டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. பிரித்தானியா தன் ஒளிப்பட நூதனசாலையைப் பிறட்போட் நகரில் திறந்தது இருபதாண்டு கழித்து, 1983 இல்.

எல்லாச் சேகரிப்பாளரும் நினைத்து ஏங்கும் சுருள் ஒன்று எந்தச் சேகரத்திலும் இல்லை. 1924 ஜூன் 8 ஆம் நாள் மலோரியும் ஏர்வினும் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி ஏறியபோது மேகத்தில் மறைந்தனர். அதற்குச் சில நாளின்முன் அதே மலையில் 28,000 அடிக்கு ஏறி மீண்ட ஹவார்ட் சோமர்வெல் தமது சட்டைப்பைக் கோடக்கை மலோரிக்குக் கொடுத்தார் என்பர். இந்தச் சோமர்வெல் தமிழர்க்கு அந்நியரல்லர். இருபதாண்டுக்கு மேலாக, அன்று திருவிதாங்கூரில் இருந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்ததுமாகிய நெய்யூர் மிஷன் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்த மருத்துவர் அவரே. 1999 மே முதலாம் நாள் மலோரியின் உடல் கிடைத்தது. பைகளில் கடிதங்களும் பனிக்கண்ணாடியும் இருந்தன, கமரா இல்லை. 2024 இல் ஏர்வினின் காலொன்று பாதணியோடு பனியாற்றில் கிடைத்தது. அங்கும் கமரா இல்லை. கடுங்குளிரில் உறைந்த சுருளிலிருந்து படம் மீட்கலாகுமென வல்லுநர் கூறியுள்ளனர். அவ்விருவரும் சிகரத்தை அடைந்தனரா என்பதற்கு விடை, உள்ளங்கையில் அடங்கும் அக்கமராவினுள் சுற்றிக் கிடக்கலாம். அதனைத் தேடுவோர் ஆண்டுதோறும் பனியாற்றின் ஓரத்தில் நடந்துகொண்டிருக்கின்றனர்.